பெட்டிக்குள் அக்காவின் பாதி

நம் வயசுக்காரர்களுக்கு இதைச் சொல்கிறேன். நமக்கெல்லாம் காதோரம் நரைத்துவிட்டது. நாம் படிக்கும்போதுதான் கம்ப்யூட்டர் ஊருக்குள் வந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அந்த ரூமுக்குள் விடுவார்கள். துணி உறை போட்டு மூடியிருக்கும். தொட்டால் திட்டு.

எங்களிடமும் ஒன்று இருந்தது. ஆடியில் வந்தது. பங்குனியோடு அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டோம். பெட்டி அதற்கப்புறமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்பா மனு எழுதுகிறவர். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில் கடை. ஒரு ஷட்டர், ஒரு மேசை, ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் கடை. பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், பக்கத்து நிலத்துக்காரன் பாதையை அடைத்துவிட்டான், எல்லாம் அப்பாவிடம் வரும். திங்கட்கிழமை மனு நாள். அடி அண்ணாமலையிலிருந்தும் செங்கம் பக்கமிருந்தும் ஆட்கள் வந்து காலையிலேயே பெஞ்சு நிறைந்துவிடும். அப்பா டைப்ரைட்டரில் அடிப்பார்.

வரிசையில் இருந்த மற்றவர்கள் கம்ப்யூட்டர் போட்டார்கள். அப்பாவிடம் ஆட்கள் கம்மியானார்கள். ஆஸ்ரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு நெட் சென்டர் வைத்திருந்த ஒருவர் பழைய பெட்டிகளைத் தள்ளிவிட்டார். அப்பா ஒன்று வாங்கினார்.

ஆட்டோவில் கொண்டு வந்தோம். மானிட்டர் அப்பா மடியில். கீபோர்டு என் மடியில். பெட்டி முழுக்க ஊதுவத்தி வாசனை. விசைகளின்மேல் ஏதோ நாட்டு எழுத்து ஒட்டியிருந்தது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், டிவியா?"

"இல்ல."

"அப்புறம்?"

"மனு," என்றார் அப்பா.

திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் முடி எழுந்து நிற்கும். அதற்காகவே நான் அதைத் துடைக்கிற மாதிரி துடைப்பேன். மவுசுக்கு அடியில் ஒரு ரப்பர் குண்டு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? கழற்றினால் கனமாக இருக்கும். அந்தக் குண்டு இப்போது எங்கே போயிருக்குமோ.

உள்ளே இருந்தது விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. அப்பாவுக்கு அது போதும். டைப்ரைட்டர் விசை மாதிரியே தமிழ் அடிக்க ஒரு சாப்ட்வேர் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது அந்தப் பழசில்தான் ஓடும். புதுசில் போட்டால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும்.

அக்கா பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். கம்ப்யூட்டர் படிப்பு. வருஷ முடிவில் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும். ப்ராஜெக்ட் என்பார்கள். அது இல்லையென்றால் பாஸ் இல்லை. அதற்குப் புதுசு வேண்டும், எக்ஸ்பி. காலேஜ் லேபில் பெட்டிக்கு நாலு பேர் மொய்ப்பார்கள். அவள் அப்பாவிடம் கேட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கடை ஜெராக்ஸ் பாய் டீ குடித்துக்கொண்டு நின்றார்.

"இதுல புதுசு போட்டுக்கட்டுமாப்பா?"

"அப்ப என்னுது?"

"உங்களுது அப்படியே இருக்கும். ஒரே பெட்டியில ரெண்டும் இருக்கலாம். பாதி உங்களுக்கு, பாதி எனக்கு."

"சண்டை போட்டுக்காதா?"

"போடாதுப்பா. ஒண்ணு முழிச்சிருந்தா இன்னொண்ணு தூங்கும்."

பாய் சிரித்தார். "அப்ப எங்க வீட்டைவிடத் தேவல அண்ணே. அங்க ரெண்டும் ஒரே நேரத்துல முழிச்சுக்குது."

அப்பா பெட்டிமேல் கையை வைத்தார். "என்னுதுல ஒரு எழுத்து போச்சுன்னா பாத்துக்க," என்றார். அதுதான் சம்மதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டாள். கூடப் படிக்கிற பையன் ஒருவனிடம் எக்ஸ்பி சிடி வாங்கி வந்திருந்தாள். அப்பாவுடையதை பிளாப்பிகளில் எடுத்து வைத்தாள். பிறகு டிஸ்கை இரண்டாகப் பிரித்தாள்.

"எனக்கு எவ்வளவு வருது?" என்றார் அப்பா.

"சரிபாதி."

"வாங்கினது நானாச்சே."

"அப்ப உங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி," என்று ஒரு எண்ணை மாற்றி அடித்தாள்.

முதலில் பழசைப் போட்டாள். அது முடிந்த பிறகு புதுசு. இந்த வரிசை மாறக் கூடாதாம். புதுசு பின்னால் வந்தால் பழசுக்கு இடம் விட்டு உட்காருமாம். பழசு பின்னால் வந்தால் புதுசு இருப்பதையே கண்டுகொள்ளாதாம், வழியை மறைத்துவிடுமாம். சாப்பாடு கொண்டு வந்த அம்மா இதைக் கேட்டுக்கொண்டே தூக்கைத் திறந்தாள்.

"எங்க மாமியாரேதான்," என்றாள்.

அப்பா காதில் விழாத மாதிரி சோற்றைப் பிசைந்தார்.

நீலத் திரை. கீழே மஞ்சள் கோடு ஊர்ந்தது. அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாயந்திரம் பெட்டியை அணைத்துப் போட்டாள். கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்து நின்றது. பழசு ஒன்று, புதுசு ஒன்று. அம்புக்குறியால் மேலே கீழே போய் வேண்டியதைத் தொட வேண்டும். தொடாவிட்டால் மேலே இருப்பது தானாகத் திறந்துகொள்ளும்.

"என்னுது மேல இருக்கட்டும்," என்றார் அப்பா.

மேலே வைத்தாள்.

புதுசைத் திறந்தால் ஒரு பச்சை மேடு, மேலே நீல வானம். பாய் வந்து எட்டிப் பார்த்தார். "இது எந்த மலை? கல்லே இல்ல. இதச் சுத்தினா காலே வலிக்காது போல."

அதற்கப்புறம் ஞாயிறு தோறும் அக்கா கடைக்குப் போவாள். பொண்ணைத் தனியாக விட மாட்டார் அப்பா. நான் துணை. பாதி ஷட்டர் ஏற்றிவிட்டு உட்காருவோம். ரோட்டில் லாரி போனால் மேசை ஆடும். பெட்டிக்குள் காற்றாடி உறுமிக்கொண்டே இருக்கும். அக்கா அடிப்பாள். நிறுத்துவாள். நகம் கடிப்பாள். அழித்துவிட்டு மறுபடி அடிப்பாள்.

ஒருநாள் என்னை எதிரே உட்கார வைத்தாள்.

"பேரு? ஊரு? இன்னா கொறை?"

"கொறை ஒண்ணும் இல்ல."

"கொறை இல்லாதவங்க இங்க வரக் கூடாது. சொல்லுடா."

"சைக்கிள் வேணும்."

அதை அடித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு என் பேரை மட்டும் அடித்தாள். போன வாரத்து மனு முழுசாக வந்து நின்றது. மேலே ஒரு வரி. போன வாரமும் வந்தீங்க, சைக்கிள் இன்னும் வரலியா? இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அதுதான் அவள் ப்ராஜெக்ட். மனு கொடுத்தவர்களே திரும்பத் திரும்ப வருவார்கள். ஆபீசில் மனு காணாமல் போயிருக்கும், இல்லை அதிகாரி மாறியிருப்பார். அப்பா ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கேட்டு, முதலிலிருந்து அடிப்பார். இதில் பேரை அடித்தால் பழசு வந்து நிற்கும். எந்தத் தேதியில் கொடுத்தது, யாரிடம் கொடுத்தது, எல்லாம் இருக்கும்.

"அப்பாவுக்குத்தான்டா பண்றேன்," என்றாள்.

அப்பாவிடமும் சொன்னாள். அவர் முதியோர் பென்ஷன் மனு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். "சரி சரி, மார்க் வாங்கு," என்றார்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. அப்பா கடையைக் கழுவிவிட்டார். டைப்ரைட்டருக்குப் பொட்டு. மானிட்டருக்கு, பெட்டிக்கு, ஸ்டாப்ளருக்குப் பொட்டு. மேசை டிராயரில் இருந்த எக்ஸ்பி சிடியையும் எடுத்து வைத்தார். அதுவும் தொழில் சாமான்தானே. சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம். பளபளக்கிற பக்கத்தில் வைத்தார். மார்க்கரால் பேர் எழுதியிருந்த பக்கம் அவருக்கு முதுகு. மின்னுகிறது முகம்.

மறுநாள் அம்மா பூஜைச் சாமானை எல்லாம் எடுத்து வந்து தேய்த்தாள். குத்துவிளக்கு, மணி, தாம்பாளம், கூடவே அந்த சிடி. விளக்குப் பொடி போட்டுத்தான் தேய்த்தாள். முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தலைமுடி மாதிரி கோடு கோடாகத் தெரியும்.

அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். "கண்ணாடி மாதிரி ஆக்கிட்டம்மா." அப்போது சிடிக்கு வேலை இல்லை. போட வேண்டியதைப் போட்டாகிவிட்டது. அதனால் சிரிக்க முடிந்தது.

பொங்கல் முடிந்து கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒரு நாள் காலையில் அப்பாவுடைய பழசு திறக்கவில்லை. பெஞ்சு நிறைய ஆட்கள். அக்கா காலேஜில். அப்பா டவுனிலிருந்து சர்வீஸ்காரரை வரவழைத்தார். அவர் முதுகில் பை மாட்டிக்கொண்டு வந்தார். பழசை மறுபடியும் போட்டுக் கொடுத்தார். மத்தியானம் அப்பா மனு அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

சாயந்திரம் அக்கா வந்து பெட்டியைப் போட்டாள். இரண்டு வரி வரவில்லை. நேராகப் பழசு திறந்துகொண்டது.

"பழசைத் திரும்பப் போட்டாங்களாப்பா?"

"ஆமா. நல்லா வேலை செய்யுது."

"என்னுது மறைஞ்சு போச்சு."

அப்பா டிரைவ் எல்லாம் காட்டுகிற இடத்தைத் திறந்தார். "இதுல உன்னுது ஒண்ணும் காணமே. என்னுது மட்டும்தான் இருக்குது."

"உங்க பழசோட கண்ணுக்கு என் பாதி தெரியாதுப்பா. ஆனா உள்ளதான் இருக்கு. போகல. வழியை மட்டும் திறந்துவிடணும். அந்த சிடி இருந்தா கொஞ்ச நேரத்து வேலை."

சிடியைப் போட்டாள். உள்ளே சுழன்று சுழன்று சத்தம் வந்தது. படிக்கவில்லை. துணியால் துடைத்துப் போட்டாள். மூச்சு விட்டுத் துடைத்துப் போட்டாள். படிக்கவில்லை. கொஞ்சம்தான் பிளாப்பியில் எடுத்து வைத்திருந்தாள். மீதி எல்லாம் அந்தப் பாதிக்குள் இருந்தது. ஆனால் அவள் பயப்படவில்லை. இருப்பது அவளுக்குத் தெரியும்.

சிடி கொடுத்த பையனிடம் இன்னொன்று இருந்தது. இரவல் தர யோசித்தான் போலிருக்கிறது, தானே வந்து போட்டுத் தருகிறேன் என்றான். சனிக்கிழமை மத்தியானம் வந்தான். எனக்கு அண்ணன் வயசு. அப்பா ஆபீசுக்குள் ஒருவருக்கு ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுக்கப் போயிருந்தார். இருந்தது ஒரு பெஞ்சு. மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு இரண்டு பேரும் அதில் உட்கார்ந்தார்கள். நான் மேசை ஓரத்தில். சிடி படித்தது. நீலத் திரை வந்தது. அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

அப்பா ரோட்டைத் தாண்டி வருவதைப் பார்த்து பாய் குரல் கொடுத்தார். அவர் சும்மா பேசுகிற ஆள்.

"அண்ணே, சீக்கிரம் வா! பெட்டிக்கு டாக்டர் வந்துகீறாரு. பாப்பா பக்கத்துலயே உக்காந்து நாடி பாக்குறாரு!"

அப்பா வாசலில் நின்றார்.

"யாரு தம்பி நீ?"

"கூடப் படிக்கிறேன் அங்கிள்."

"எந்த ஊரு? அப்பா யாரு?"

சொன்னான். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும்.

"சரி. கெளம்பு."

"அஞ்சு நிமிஷம் அங்கிள். ஒரே ஒரு வரி அடிச்சா..."

"கெளம்புப்பா. நான் பாத்துக்கறேன்."

அவன் சிடியை வெளியே எடுத்தான். "அதையாவது வச்சுட்டுப் போகச் சொல்லுங்கப்பா," என்றாள் அக்கா. "ஒண்ணும் வேணாம்," என்றார் அப்பா. அவன் போனான். பாய் தன் கடைக்குள் போய் மெஷினைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. அக்கா வர வேண்டாம் என்றார். என்னை மட்டும் கூட்டிப் போனார். சர்வீஸ்காரர் வந்திருந்தார். அவர் ஏதோ திறந்து பார்த்தார்.

"டிஸ்குல ஒரு பக்கம் சும்மா கிடக்குது சார். அழிச்சா உங்களுக்கு இடம் ஜாஸ்தியாகும்."

"அழிச்சுடு," என்றார் அப்பா. "ரெண்டு இருந்தாத்தான் கண்டவன் வர்றான்."

"அப்பா, அக்காவோடது உள்ள இருக்குதாம்."

"நீ சும்மா இர்றா. அதான் போச்சே."

கறுப்புத் திரை. அழிக்கவா என்று பெட்டி கேட்டது. ஆமாம் என்பதற்கு சர்வீஸ்காரர் ஒய் எழுத்தை அடித்தார். நிஜமாகவா என்று மறுபடி கேட்டது. மறுபடி ஒய் அடித்தார்.

அப்பா கெட்டவர் இல்லை. போனதைத்தான் துடைக்கிறோம் என்று நினைத்தார். பொண்ணைக் காப்பாற்றுகிறோம் என்றும் நினைத்தார். இரண்டும் ஒரே வேலையில் முடிந்த மாதிரி நிம்மதியாக எங்களுக்கு டீ சொன்னார். ஒரு மனுஷனுக்குப் பாடு ஜாஸ்தி என்றால் இப்படித்தான் கணக்குப் போடத் தோன்றும் போலிருக்கிறது. எனக்கும் இப்போது பொண்ணு இருக்கிறாள். யோசித்துப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சர்வீஸ்காரர் வந்து போனதை நான் சொன்னேன். அக்கா அப்பாவைக் கேட்டாள்.

"எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டாங்களாப்பா?"

"ஆமா. இடம் ஜாஸ்தி ஆயிருக்குது. நாலு மனு அடிச்சுப் பாத்தேன்."

அவள் அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்தாள்.

"மார்க்குக்குத்தானே. வேற ஒண்ணு எழுதிக்க," என்றார்.

"அது உங்களுக்குப்பா. உங்க கடைக்கு. நான் சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

நான்தான் சைக்கிள் மனுவைப் பற்றிச் சொன்னேன். பேரை அடித்தால் பழைய மனு வந்து நிற்பதைச் சொன்னேன். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"யார் யாரு திரும்ப வர்றாங்கன்னு தெரியுமா அதுல?" என்றார் கடைசியில்.

"தெரியும்," என்றேன்.

அக்கா லேபில் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதிப் பார்த்தாள். முடியவில்லை. அந்த வருஷம் பாஸ் ஆகவில்லை. அடுத்த தையில் கல்யாணம் முடிந்தது. ஆரணியில் இருக்கிறாள். மாமா நல்ல மனுஷன். வீட்டில் பட்டுப் புடவை வியாபாரம். கணக்கெல்லாம் வாயாலேயே போடுவாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் கேட்டதில்லை. அப்பா இப்போது இல்லை.

ஆனால் அந்த வருஷமே பாஸ் ஆக ஒரு வழி இருந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

பங்குனியில் காலேஜில் ஒரு சார் இரக்கப்பட்டார். காரணத்தை எழுதி, அப்பாவும் பொண்ணும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தேதியைத் தள்ளி வைக்கிறேன் என்றார். அப்பா அன்றைக்கே அடித்தார். மறுநாள் காலையில் வீட்டில் அக்காவிடம் நீட்டினார். அழகாக அடித்திருந்தார். ஓரம் விட்டு, பத்தி பிரித்து, கலெக்டருக்கு அடிக்கிற மாதிரி.

அக்கா நின்றபடியே படித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்தாள். கணினியில் ஏற்பட்ட பழுது காரணமாக என்று இருந்தது.

"பழுது இல்லப்பா."

"அப்படித்தான் எழுதணும். அவங்களுக்கு அது போதும்."

"பழுதுன்னா நான் ஒழுங்கா பாத்துக்கலன்னு ஆவும்."

"வேற இன்னா எழுதச் சொல்ற?"

"எழுதறவர் நீங்கதான்."

அப்பா அந்தத் தாளையே பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து, "ஒரு கையெழுத்துத்தானேடி, போட்டுடேன்," என்றாள். அக்கா பேனாவைக் கையில் வைத்திருந்தாள். அப்பா ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்த மாதிரிதான் இருந்தது. பிறகு மூடியைப் போட்டு அவர் சட்டைப் பையில் சொருகிவிட்டு, தலை சீவப் போய்விட்டாள்.

அப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. எனக்கு ஸ்கூல் லீவு, அவரோடு கடைக்குப் போனேன். ஷட்டர் ஏற்றுவதற்கு முன்பே ஆட்கள் நின்றிருந்தார்கள். முதலில் ஒரு அம்மா. எங்கிருந்து வந்தாளோ, காலெல்லாம் புழுதி. அப்பா பெட்டியைப் போட்டார். இரண்டு கையையும் விசைமேல் வைத்தார்.

"சொல்லும்மா. இன்னா நடந்துச்சு?"

அந்தம்மா சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே போனாள். பையில் அந்த மடித்த தாள். அப்பா கை விசைமேலேயே இருந்தது. ஒரு எழுத்தும் அடிக்கவில்லை.